தம்பிக்கு அண்ணாச்சி போட்ட சொல்

ராயகிரி பஸ் கிளம்பும்போது படியில் தொங்கியபடியே கண்டக்டர் கத்தினார்: "மாமா, நம்ம டைப்பு அண்ணாச்சி காலைல போயிட்டாரு!" படுக்கையில் கிடந்தவர்தான், ஆனாலும் நான் நம்பவில்லை. மனு கேட்டு நச்சரித்தவர்களை விரட்ட நானே அவரை மூன்று முறை சாகடித்திருக்கிறேன். மூன்று முறையும் பொழுது சாயுமுன் வந்து நின்று, "என் காரியத்துக்கா வந்தீரு வே?" என்று கேட்டிருக்கிறார். இந்த முறை பொழுது சாய்ந்தது. அவர் வரவில்லை.

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் வாசலில் அவரிடம் மனு எழுதிக்கொண்ட உங்களுக்கு ஆறுமுகம் அண்ணாச்சியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் இருபது வருஷம் பக்கத்து டைப்ரைட்டரில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவர் இங்கிலீஷில் ஒரு பாரா அடித்தால் லண்டனில் மழை நின்றுவிடும்.

சுற்றுகிறான் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அவர் விட மாட்டார். மாடு சுற்றினால் ஸ்ட்ரே. ஆபீசர் சுற்றினால் டூர். பேச்சும் நினைப்பும் தடம் மாறினால் வாண்டரிங். "மனுசனுக்கு மட்டும் அதைப் போட்டிராதீரும். அந்தச் சொல்லுக்குப் பின்னால ஜீப்பு நிக்கு" என்பார். உண்மைதான். புத்தி சரியில்லாமல் வாண்டரிங் என்று காகிதத்தில் விழுந்தவனைப் போலீஸ் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தலாம், கோர்ட் ஆஸ்பத்திரியில் அடைக்கலாம் என்று சட்டம் இருந்தது.

ஆடித்தபசு கூட்டத்தில் மேலநீலிதநல்லூர் கோனார் ஒருவரைச் சந்தேகக் கேசில் பிடித்தார்கள். "ஆட்டைத் தேடித்தான் அஞ்சு சுத்து சுத்துனேன் சாமி" என்று அழுதார்.

"ஆடுன்னு எழுதினா களவும்பான். கோமதி அம்மனைச் சுத்துனீருன்னு எழுதுதேன், கம்முன்னு இரும்" என்றார் அண்ணாச்சி. மத்தியானமே விட்டுவிட்டார்கள். மேலநீலிதநல்லூரில் அவருக்குக் கோயில் எழும்பாததற்குச் செங்கல் தட்டுப்பாடு ஒன்றே காரணம்.

அவருக்கு ஒரே தம்பி, சுப்பையா. புத்தி தடுமாறியவன். யாரையும் ஒன்றும் செய்ய மாட்டான், நடப்பான். காலையில் ராயகிரி, மறுநாள் கடையநல்லூர். விட்டால் கடல்மேல் நடந்து கொழும்பில் காப்பி குடித்திருப்பான். எங்கே போனாலும் இரண்டு நாளில் திரும்பிவிடுவான்.

ஒரு மழைக்காலத்தில் ஒன்பது நாளாகியும் வரவில்லை. ஸ்டேஷனில், "வருவான், போங்க" என்றார்கள். அண்ணாச்சி உட்கார்ந்து தானே மனு அடித்தார். எட்டிப் பார்த்தேன். புத்தி சுவாதீனமின்றி வாண்டரிங் என்று போட்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? கோனாரைச் சாமி சுத்த வச்சீங்க. கூடப்பிறந்தவனுக்கு ஒரு பொய் கிடைக்கலையா?"

"கோயிலுக்குப் போயிருக்கான்னு எழுதினா எவன் வே தேடுவான்? ஜீப்பு வரட்டும்."

ஜீப் வந்தது. கடையநல்லூர் ரோட்டில் சுப்பையாவைக் கண்டுபிடித்தது. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. "என் தம்பி, என்கூட அனுப்புங்க" என்று அண்ணாச்சி ஓடினார். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்றைக்கே அவனை மதராஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் எட்டு வருஷம் மனு. ஆஸ்பத்திரி கோர்ட்டைக் கேள் என்றது, கோர்ட் ஆஸ்பத்திரியைக் கேள் என்றது. அவர் அடித்த காகிதத்தை ஒட்டினால் மேற்கு மலையையே மூடலாம். போன வருஷம் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தவர் டைப்ரைட்டர் மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கான்?"

"சுவரோரமா உக்காந்திருக்கான். வாசல் வரைக்கும் வாடான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். வரலை. அவன் இப்ப நடக்கதே இல்ல வே."

படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் கேட்டார்: "நான் போயிட்டா நீரு போய் அவனைக் கூட்டிட்டு வருவீரா?"

"பஸ் எதுக்கு? ஏரோப்ளேன்லயே கூட்டிட்டு வாரேன், அண்ணாச்சி."

சிரித்தார். பொய் என்று இருவருக்கும் தெரியும். ரத்த சொந்தம் கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். சுப்பையாவுக்கு இருந்த ஒரே ரத்த சொந்தத்தை நேற்று எரித்துவிட்டோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சுப்பையாதான். அடுத்த வாரம் போகிறேன், கூட்டிவர அல்ல, அண்ணன் போனதைச் சொல்லிவர. அதை அவனிடம் எந்தச் சொல்லில் சொல்வது என்று கேட்க எனக்கு இருந்த ஆள் அண்ணாச்சி ஒருவர்தான்.