அண்ணன் பைண்டிங் செய்த கப்பல்

என் புத்தகத்தைக் கெடுத்தது என் அண்ணன்தான். வாங்கும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று சொந்தக்காரர்களிடம் அவர் சொல்லிக்கொண்டு திரிவது பொய்.

விருதுநகர் புத்தகக் கண்காட்சியில் அதைப் புதிதாக வாங்கினேன். கப்பல் மூழ்கிய கதை என்றால் எனக்குச் சோறு வேண்டாம். கடலைப் பார்க்கவே பஸ் ஏற வேண்டிய ஊரில் இருந்துகொண்டு இது என்ன ஆசை என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். இது பனிப்பாறையில் மோதிய கப்பல் இல்லை. மூடுபனியில் இன்னொரு கப்பல் இடித்துக் கவிழ்ந்தது. அதில் ஒரு அண்ணனும் தங்கையும் போகிறார்கள். அம்மா விட்டுப்போன வீட்டுக்காகச் சண்டை. கப்பலில் ஆளுக்கொரு மூலையில் அறை எடுத்து, முகத்தைப் பார்க்காமலே பயணம். இரண்டு பேரும் பிழைத்தார்களா, பேசிக்கொண்டார்களா என்பதுதான் புத்தகமே.

என் அண்ணனுக்கு சிவகாசியில் சின்னதாக ஒரு பைண்டிங் பட்டறை. பட்டாசு லேபிள் வேலை ஓய்ந்ததும் காலண்டர், டைரி சீசன் வந்துவிடும். என் சின்ன மகளுக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் காது குத்துவது பற்றிப் பேச வீட்டுக்கு வந்தார். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்தவர் எனக்கு அவர் ஒருவர்தான். பேசி முடித்துக் காபி குடித்தவர், மேசையில் கிடந்த புத்தகத்தை விரித்தார்.

"எப்படித்தா இது மல்லாந்து படுக்குது? எங்க டைரியெல்லாம் விரிச்சா வாயை மூடிக்கிடுது."

"அண்ணே, நான் இன்னும் படிக்கவே இல்ல."

"உள்ள இருக்கிறதை நீ படி. முதுகை மட்டும் பாத்துட்டுத் தாரேன்."

முதுகைப் பார்க்க முழுவதையும் பிரித்துவிட்டார். பிறகு திரும்பத் தைத்து, ஓரம் வெட்டி, புது அட்டை போட்டுக் கொடுத்தார். பார்க்க முன்பைவிட லட்சணமாகத்தான் இருந்தது.

படித்தேன். முதல் பக்கத்திலேயே அண்ணனும் தங்கையும் கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் கப்பல் கவிழ்கிறது. அப்புறம் தண்ணீரில் மூழ்கிச் செத்த மனுசன் கோட்டு மாட்டிக்கொண்டு விருந்தில் சூப் குடிக்கிறான். இப்போது எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்தேன். ஆபீசில் இரண்டு பேரிடம் புகழ்ந்துகூடப் பேசிவிட்டேன். விட்ட இடத்தைத் தேடும்போதுதான் பக்க எண்களைப் பார்த்தேன். பதினாறு பக்கம் ஒழுங்காகப் போகிறது, அடுத்த பதினாறு அதற்கு முன்னால் வர வேண்டிய பக்கங்கள்.

நடந்தது இதுதான். பதினாறு பக்கம் மடித்த ஒரு கட்டை ஃபாரம் என்பார்கள். அவர் பட்டறையில் மாதக் காலண்டருக்கு டிசம்பர் தாள்களை மேசையின் இடது முனையில் வைத்து, அங்கிருந்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கடைசியில் ஜனவரி மேலே வரும். என் புத்தகத்தின் முதல் ஃபாரத்தை இடது முனையில் வைத்துவிட்டு, அதே பழக்கத்தில் அங்கிருந்தே எடுத்து அடுக்கியிருக்கிறார். முதல் ஃபாரம் அடியிலே போய்விட்டது.

மறுநாளே பஸ் ஏறினேன். பட்டறையில் எல்லாரும் ஒட்டிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். நான் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை.

"அண்ணே, இங்கன பாருங்க. செத்தவன் எந்திரிச்சு சூப்பு குடிக்கான். என்ன பைண்டிங் பண்ணியிருக்கீக?"

பசை தடவிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா ஒருவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "மொதலாளி, எங்க வீட்டுக்காரரு போயி ரொம்ப நாளாச்சு. அவுகளையும் கொஞ்சம் பைண்டிங் பண்ணிக் குடுங்க."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

"வேலைக்காரங்க முன்னால என்னைக் கேவலப்படுத்திட்டேல்ல? உம் மக காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கோ."

அன்று பேச்சை நிறுத்தியவர்தான். செய்தி பரவியதும் சித்தப்பா மகன் போன் செய்தான். "அக்கா, அண்ணன் வரலைன்னா நான் இருக்கேன். வேட்டிகூட எடுத்துட்டேன்." பாசமான பையன்தான். ஆனால் அவனுக்கு வயிறு போக மடி என்று எதுவும் மிச்சமில்லை. பிள்ளை வழுக்கி விழுந்துவிடும். தவிர, என் மகள் பெரிய மாமா மடி இல்லையென்றால் காதைக் காட்ட மாட்டேன் என்கிறாள்.

நேற்று அண்ணன் மனைவி, என் மதினி, போனில் பேசினார்.

"ஏத்தா, அவுக ஒண்ணு கேக்கச் சொன்னாக. அந்தக் கப்பல்ல அண்ணனும் தங்கச்சியும் பிழைச்சாகளா?"

"அவுகளுக்கு எப்படித் தெரியும் அந்தக் கதை?"

"பிரிச்சப்போ நடுவுல ஒரு ஃபாரத்தைப் படிச்சிருக்காக. சண்டை போட்ட எடம் போல. அதுல இருந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காக. அவுக கேக்கச் சொன்னதா யார்ட்டயும் சொல்லாத."

பட்டறை ரசீதைத் தவிர வேறெதையும் படிக்காத மனுசன். எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணே, மதினியைத் தூது விட வேண்டாம். பட்டறையில் வைத்துக் கத்தியது தப்பு என்றால் இருக்கன்குடியில் எல்லார் முன்னாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஃபாரத்தை மாற்றி அடுக்கியது நீங்கள்தான் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சித்தப்பா மகன் உட்பட எல்லாரும் இருக்கிறார்கள். என் மகளுக்கு மடி தருவீர்களா, மாட்டீர்களா? அங்கேயே, எல்லாரும் பார்க்கிற மாதிரி பதில் போடுங்கள்.