வலது பக்கம் திரும்பாத சைக்கிள்

முப்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ளும் ஒருவருக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா? அவர் உங்கள் அம்மாவாகவும் இருந்து, புடவையும் கட்டியிருந்தால் திட்டவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது. எழுபதுகளின் கடைசியில், டெல்லி லோதி காலனியில், எனக்கு அந்தப் பாக்கியம் பத்து வயதிலேயே கிடைத்தது.

அப்பாவுக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து நாங்கள் வந்த புதிது. எனக்கும் அம்மாவுக்கும் டெல்லி அறவே பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. எங்கள் புலம்பல் தாங்காமல் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். என் முழுப்பரீட்சை முடிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் எங்கள் இருவரையும் மதுரையில் நாங்கள் ஒன்றாக இருந்த பெரியப்பா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அதை நம்பித்தான் நான் புசா ரோடு பள்ளிக்கூடத்துக்கு முரண்டு பிடிக்காமல் போய்வந்தேன். அதுவரை அம்மா தினமும் கொஞ்சம் அழுதுகொண்டிருந்தால் போதும்.

சைக்கிள் வந்தது அப்பாவின் அவசரத்தால். ஆபீஸ் போகவென்று யாரிடமோ பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவந்தார். நடுவில் பார் இல்லாதது வாங்கும்போது அவர் கண்ணில் படவில்லை. லேடீஸ் சைக்கிள் என்று ஆபீஸில் சிரித்தபோதுதான் பட்டது. அதன் பிறகு அது வராந்தாவில் சும்மா நின்றது.

அம்மாவுக்கு இந்தி வராது. எனக்குப் பள்ளியில் ஒட்டிக்கொண்ட அரைகுறை இந்தி உண்டு. அந்தக் குற்றத்துக்காகக் கொத்தமல்லி வாங்கக்கூட என்னை இழுத்துக்கொண்டு போவாள். பஸ் கண்டக்டரிடம் ஐ.என்.ஏ. மார்க்கெட் என்று சொல்வதற்கும் நான்தான். என் சாயங்காலங்கள் எல்லாம் அப்படியே பாழாயின. அதனால் ஒருநாள் அம்மா சைக்கிளைப் பார்த்து, "இதுல போனா யார்ட்டயும் பேச வேணாம்ல?" என்று கேட்டதும், நானே கற்றுத்தருகிறேன் என்று வலியப்போய் மாட்டிக்கொண்டேன்.

பாடம் காலனி மைதானத்தில் நடந்தது. பத்தடிக்கு ஒருமுறை அம்மா இறங்கிக் கொசுவத்தைச் சரிசெய்வாள். நான் பிடித்திருக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பாள், பார்த்ததும் விழுவாள். விழுந்தால் தப்பு என்னுடையது. வெயிலில் கட்டில் போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பஞ்சாபிப் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

ஒருவழியாக அம்மா ஓட்டினாள். ஆனால் வலது பக்கம் திரும்ப மாட்டாள். வலது கையை எடுத்துக் காட்டினால் ஹேண்டில் ஆடுகிறதாம். டெல்லி அவளுக்கு அதிலும் இடம் கொடுத்தது. அங்கே மூலைக்கு மூலை ரவுண்டானா. இடது பக்கமாக உள்ளே போய், சுற்றி, வேண்டிய ரோட்டில் இடது பக்கமாகவே வெளியே வந்துவிடலாம். அம்மா உள்ளே போவாள். வெளியே வரத்தான் தெரியாது. பஸ்ஸுக்குப் பயந்து நடுப்புல்வெளியை ஒட்டியே சுற்றிக்கொண்டிருப்பாள். பை பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கேரியரில் ஏற்றியிருப்பாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று நான் பையால் முகத்தை மூடிக்கொள்வேன். கடைசியில் டிராபிக் போலீஸ்காரர் எங்களைக் கண்டதுமே மற்ற வண்டிகளை நிறுத்தப் பழகிக்கொண்டார்.

ஒருநாள் ஒரு ஸ்கூட்டர்காரன் சரேலென்று குறுக்கே வெட்டினான். பால்காரரிடம் பேசவே கூசும் என் அம்மா தலையை நிமிர்த்தி, "அந்தா ஹை கியா?" என்று கத்தினாள். கண் தெரியவில்லையா என்று அர்த்தம். அவளைப் பார்த்து அத்தனை நாள் கத்தியவர்கள் சொல்லிக்கொடுத்த இந்தி அது. அவன் திகைத்துப்போய் ஸாரி சொன்னான். அம்மா சிரித்துக்கொண்டே, அவசியமே இல்லாமல் இன்னொரு சுற்று சுற்றினாள்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள். சப்தர்ஜங் கல்லறை வரைக்கும் தனியாகப் போய்விட்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி தேங்காய் வாங்கிவரச் சொன்னால், வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து, கை ஜாடையும் நாலு வார்த்தையுமாகப் பேசி அங்கேயே டீயும் குடித்துவிட்டு வருவாள். கட்சி மாறிவிட்டாளே என்று எனக்கு எரிச்சலான எரிச்சல்.

பரீட்சை முடிந்தது. ஊருக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார்.

"லீவுக்குத்தானே? திரும்பி வர்றதுக்கும் சேத்தே எடுத்துருங்க" என்றாள் அம்மா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வராந்தாவில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் ஊரின் பெருமைகளை எடுத்துச் சொன்னேன். அங்கே கடைக்குப் போக வேண்டியதில்லை, எல்லாம் பெரியப்பாவே வாங்கிப் போட்டுவிடுவார். கோயிலுக்குப் போனாலும் துணைக்கு யாராவது வருவார்கள். எதற்குமே வாசல்படி தாண்ட வேண்டாம்.

"ஆமா, தாண்ட வேணாம்" என்றாள் அம்மா. பிறகு பெடலை ஒருமுறை சுற்றிவிட்டு, "இதை என்னடி பண்றது?" என்று கேட்டாள்.

இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு உயிர் வந்தது. அப்பாவிடம் ஓடினேன். ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக் வேனில் சைக்கிளைப் பதிவுசெய்து அனுப்பலாம் என்றார். திரும்பி ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், எண்ணெய்க் கையோடு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழியில் சைக்கிள் நசுங்கிவிடுமோ என்றுதான் கவலைப்படுகிறாள் என்று நினைத்து, சாக்கு சுற்றிக் கெட்டியாகக் கட்டித்தான் ஏற்றுவார்கள் என்று நான் எரிச்சலோடு விளக்கிக்கொண்டிருந்தேன்.