ரசம் வைக்க அதில் பொத்தான் இல்லை

துவாக்குடியில் பெண்பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியில் சமைக்கிறேன். அதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு வருகிறவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வந்து பேச எனக்கு எப்போதும் கூச்சம். பரிமாறக்கூட வேறு ஆளைத்தான் அனுப்புவேன். எழுபது தாண்டியும் விடுதிப் பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மாடியில் இஞ்சினீயரிங் படிக்கும் பெண் ஒருத்தி. சாயங்காலம் நான் காய் நறுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனை மணிக்கு உலை வைப்பேன், கூட்டம் வந்தால் என்ன செய்வேன் என்றெல்லாம் கேட்பாள். என்னிடம் யாரும் அவ்வளவு கேட்டதில்லை. நானும் சொன்னேன். மீந்த சாம்பாரில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்படியை விட்டு வருவேன் என்பதையும் சொன்னேன். சூடு பண்ணி நாளைக்கு எடுத்துக்கலாம் என்கிற நினைப்பே யாருக்கும் வரக்கூடாது, அதற்காக. முதலாளி முணுமுணுத்திருக்கிறார். பதில் பேசமாட்டேன். தண்ணீரை ஊற்றிவிடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் செல்போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். காலேஜில் கொடுக்க ஒரு கேம் செய்திருக்கிறாளாம். மெஸ் நடத்துகிற கேம். நான்தான் முதலில் ஆட வேண்டுமாம். கூடவே நாலு பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். திரையில் ஒரு கிழவி. என் கண்ணாடி, அதன் ஒடிந்த காலில் நான் சுற்றிய கறுப்பு நூல், தோளில் கிடக்கும் துண்டு, எல்லாம் அப்படியே. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் வெட்கத்தோடு சிரிப்பு வந்தது. இலை போட்டேன், சோறு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தக் கிழவி சாம்பார் அண்டாவைத் திறந்தாள். ஊசிப்போய்விட்டது என்று எழுத்து வந்தது. பந்தியில் நாற்பது பேர். கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் “அதையே பரிமாறு.” இன்னொன்றில் “பாத்திரம் தேய்ப்பவள்மேல் பழியைப் போட்டு அவளைத் துரத்து.”

மேலே தேடினேன், ஓரத்தில் தேடினேன்.

“ரசம் வைக்கிறதுக்கு எங்கம்மா அழுத்தணும்?”

“அது இல்லக்கா. இந்த ரெண்டுல ஒண்ணுதான்.”

புளி கரைத்தால் கால் மணியில் ரசம் கொதித்துவிடும். அதற்கும் வழியில்லை என்றால், இன்றைக்கு மோர்தான், மன்னிச்சுக்கங்க என்று பந்தியில் போய்ச் சொல்லலாம். அப்படி ஒருநாள் நானே, தலையைக் குனிந்துகொண்டு, சொல்லியிருக்கிறேன். அடுப்படியில் ஆயிரம் வழி இருக்கும்போது இரண்டே வழிதான் என்று சொல்ல இவள் யார்? போனைக் கீழே வைத்துக் கையை எடுத்துக்கொண்டேன். திரையில் பத்து, ஒன்பது என்று எண் இறங்கியது. எண் முடிந்ததும், நான் தொடாமலே, அந்தக் கிழவி கரண்டியை எடுத்து ஊசிப்போன சாம்பாரை ஊற்றினாள். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்பது இலைக்கும். பிறகு ஒரு வரி வந்தது: “இப்போது உங்கள் மனசாட்சி என்ன சொல்கிறது?”

“அக்கா மாட்டிக்கிட்டாங்க” என்று ஒருத்தி கை தட்டினாள். ஆடுகிறவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வரவேண்டும், அதற்காகத்தான் கேமே என்று அந்தப் பெண் விளக்கினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே பூட்டிவிட்டு, ஏன் உள்ளேயே இருக்கிறாய் என்று கேட்பார்களா?

“தப்பு பண்ண வைக்கிறது நீ. மனசாட்சி மட்டும் என்னுதா?”

இப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

“கேம்தானேக்கா. வேணும்னா உங்க மூஞ்சிய எடுத்துடறேன். வேற பாட்டி யாரையாச்சும் போட்டுக்கறேன்.”

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சொன்னேனே தவிர மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அந்த வேற பாட்டி மட்டும் என்ன பாவம் செய்தாள்? என் தலை தப்பினால் போதும் என்று இன்னொருத்தியை அங்கே நிறுத்தச் சம்மதித்துவிட்டேன். நேற்று அழுத்தமாட்டேன் என்று கையை எடுத்தவள், இரண்டாவது பொத்தானை அழுத்தியேவிட்டேன். அந்தப் பெண்மேல் இருந்த கோபம் அப்போது என்மேலும் திரும்பியது.

மாடி ஏறினேன். முட்டி வலிக்கு நான் அங்கே போவதே இல்லை. அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். என் முகமே இருக்கட்டும், ஆனால் ரசத்துக்கு ஒரு பொத்தான் வை என்றேன். அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் வரைய வேண்டும், நேரமில்லை, நாளைக்குக் கொடுக்கவேண்டும் என்றாள்.

“அப்ப ஒரு வரி எழுது. இந்தம்மா ரெண்டையும் செய்யமாட்டாங்கன்னு எழுது.”

“எங்கக்கா எழுதறது?”

“ரெண்டு பொத்தானுக்கும் நடுவுல.”

சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு லேப்டாப்பை இழுத்தாள். எழுதினாள். எண் இறங்குவதையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“யாராச்சும் எதையும் அழுத்தாம உக்காந்திருந்தா, கேம் அப்படியே நின்னுடும்க்கா.”

“நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.