இன்ஸ்பெக்டர் பொழிலன் வராத ஊர்

ஜெயக்கொடியை நேரில் பார்ப்பதற்கு முன்பே இளவழகன் அவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டான். செஞ்சி நூலகத்தில் இன்ஸ்பெக்டர் பொழிலன் துப்பறியும் நாவல்கள் பத்தொன்பது இருக்கின்றன. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் படிக்க வருகிற அவன், கண் எரியும்போது அவற்றில் ஒன்றை எடுத்துப் புரட்டுவான். ஏழாவது நாவலில், புகார் வந்த அரை மணி நேரத்தில் பொழிலன் ஜீப்பில் பாய்ந்து ஏறுகிற இடத்தில், பக்க ஓரமாகப் பென்சிலால் எழுதியிருந்தது: ‘டீசல் இல்லை என்பார்கள்.’ நாலு பக்கம் தள்ளி, ‘ரைட்டர் லீவு. நாளைக்கு வரச் சொல்வார்கள்.’ குற்றவாளி பிடிபடும் கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல்தான்: ‘சரி.’

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எட்டாவதை எடுத்தான், ஒன்பதாவதை எடுத்தான். எல்லாவற்றிலும் அதே குண்டு குண்டான எழுத்து. நூலகர் விநாயகத்திடம் கொண்டுபோய்க் காட்டினான்.

“கமிட்டியில வேலை செய்யுதே ஜெயக்கொடி, அது பண்ற வேலை. நானும் ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சு ஓய்ஞ்சுட்டேன்” என்றார் அவர்.

நெல் விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைத்தான் ஊரில் கமிட்டி என்பார்கள். அங்கே சிந்திய நெல்லைக் கூட்டித் தூற்றி மூட்டை பிடிப்பது ஜெயக்கொடியின் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்கு வந்தார். புருவத்திலெல்லாம் நெல் தூசு. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவன் பேச்சுக் கொடுத்தான். கதை பிடிக்கவில்லையென்றால் எதற்காகப் பத்தொன்பதையும் படித்தீர்கள் என்று கேட்டான்.

“ஆளு நல்லாத்தான் எழுதறாரு தம்பி. கையில எடுத்தா கீழ வைக்க முடியல. ஆனா இந்தப் பொழிலன் இருக்கான் பாரு, புகார் குடுத்தவங்க வூட்டுக்கு அவனே வரான். உக்காந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறான். காணாமப் போனவரு எந்தக் கால அழுத்தி வச்சு நடப்பாருன்னு கேக்கறான். எங்கிட்ட யாரும் அதக் கேக்கல.”

“எந்தக் கால்க்கா?”

“எடது கால்” என்றார். பிறகு புத்தகத்தை விரித்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிட்டார்.

காணாமல் போனவர் அவருடைய கணவர் தங்கராஜ். கொத்தனார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கரணையைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நடுச்சாப்பாட்டில் எழுந்து போவார். விழுப்புரத்தில் வைத்தியம் பார்த்தார்கள். மாத்திரை போட்டால் நாளெல்லாம் தூங்கினார். அதைப் பார்த்துப் பயந்துபோன மாமியார் வீட்டார் குறி கேட்டார்கள். மூன்று அமாவாசை மேல்மலையனூரில் ஆத்தா காலடியில் கிடக்கட்டும் என்று குறி சொன்னவள் சொன்னாள். அதுவரைக்கும் வீட்டு ஆள் யாரும் போய் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தேடவும் கூடாது, தேடினால் விலகிப் போனது திரும்பி வந்துவிடும் என்றாள். அப்படியே அவரை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கோயிலருகே பூக்கடை வைத்திருந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தியிடம் அவர் சோற்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

முதல் அமாவாசைக்கு ஜெயக்கொடி ஸ்பெஷல் பஸ்ஸில் போய், கூட்டத்துக்குள் நின்று அவரைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார். தாடி வளர்ந்திருந்ததாம். முகம் தெளிவாக இருந்ததாம். இரண்டாம் அமாவாசைக்குப் போனபோது அவர் கண்ணில் படவில்லை. ரெண்டு நாளாகச் சோற்றுக்கு வரவில்லை என்றாள் பூக்கடைக்காரி. அப்போதும் ஜெயக்கொடி வாய் திறந்து கூப்பிடவில்லை. பாதி விரதத்தைத் தானே கெடுத்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினார். மூன்றாம் அமாவாசையும் வந்து போனது. அதற்கு மேல் போலீசுக்குப் போகலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்ததில் பதினொரு நாள். புகார் எழுதியது அவர் காணாமல் போன நாற்பத்து மூன்றாம் நாள்.

விசாரணை எப்படி நடக்கும் என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, நாவல் மாதிரி கேட்கிறாயே அம்மா என்று ஒரு போலீஸ்காரர் சிரித்தாராம். அன்றைக்குத்தான் நூலகத்தில் உறுப்பினர் ஆகியிருக்கிறார். போலீஸ் என்னென்ன செய்யும் என்று தெரிந்தால்தானே என்னென்ன கேட்பது என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்க மூன்று மதியங்கள் ஆயின. மூன்றாம் மதியம் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கண்டுபிடிக்க முடியாத வழக்கென்று முடிக்கப் போகிறார்கள், வந்து கையெழுத்துப் போடும்படி காவல் நிலையத்திலிருந்து வந்த கடிதம்.

“மூடிட்டாங்கன்னா அவரத் தேடறதுக்கு ஒருத்தரும் இல்ல தம்பி. நான் ஒருத்தி தேடி இன்னா ஆவப் போவுது?”

இளவழகனுக்கு ரத்தம் சூடேறியது. வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை விதைக்கிற வீட்டிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் அவன். தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரி சான்றிதழை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறான். ஒரு மனு எழுத முடியாதா? மூன்று பக்கம் எழுதினான். பாதி அவன் படிக்கிற சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது, பாதி பொழிலனிடமிருந்து வந்தது. கேமரா பதிவு, பஸ் டெப்போ விசாரணை, பக்கத்து மாவட்டங்களுக்குப் புகைப்படம் என்று ஒன்பது கோரிக்கைகள். ‘சில நாட்கள் தாமதமாகப் புகார் அளிக்க நேர்ந்தது’ என்ற வரியில் ஜெயக்கொடி விரலை வைத்து, நாற்பத்து மூன்று என்றே எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று சொல்லி அவன் மாற்றவில்லை.

காவல் நிலையத்தில் இருந்த பெண் எஸ்.ஐ. அவர்களை உட்காரச் சொன்னார். மனுவை முழுக்கப் படித்தார். திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. ஒன்பதில் ஆறு அப்போதே செய்தாகிவிட்டது என்று கோப்பைத் திறந்து காட்டினார். அடையாளம் தெரியாத உடல்களின் படங்களை ஜெயக்கொடிக்கு ஏழு தடவை காட்டியிருந்தார்கள். மிச்சம் மூன்றும் கேமரா சம்பந்தப்பட்டவை.

“முப்பது நாளுக்கு மேல கேமராவுல ஒண்ணும் நிக்காதும்மா. நீங்க வந்தது நாப்பத்து மூணாம் நாள். இதுல சில நாட்கள்னு எழுதியிருக்கு.” அவர் இளவழகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜெயக்கொடியிடம் திரும்பினார். “காணலன்னு தெரிஞ்சதும் ஏம்மா வரல?”

ஜெயக்கொடி மேஜையில் திறந்து கிடந்த கோப்பைப் பார்த்தார். தன் நைனாவுக்கு இப்படி ஆகியிருந்தால், குறி சொன்னவள் சொன்னபடிதான் தானும் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம் என்பது இளவழகனுக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அறிக்கை கோர்ட்டுக்குப் போய்விடும், ஆள் கிடைத்தால் திறந்துகொள்ளலாம் என்றார் எஸ்.ஐ. ஜெயக்கொடி கோப்பைப் படித்துப் பார்க்க அனுமதி கேட்டார். பதினாறு தாள். ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார்.

“என் பேருதான் நெறைய இருக்குது மேடம். அவரு பேரு அவ்வளவா இல்ல” என்றார்.

பிறகு பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் போடமாட்டார் என்றுதான் இளவழகன் நினைத்திருந்தான். இருவரும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மனுவில் அந்த வரியை மாற்றாததற்கு அவன் மன்னிப்புக் கேட்டான். அது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

“அந்தப் புஸ்தகத்துல நான் எழுதினதுலாம் தப்பு தம்பி. பொழிலனே வந்திருந்தாலும் நாப்பத்து மூணாம் நாளுதான வந்திருப்பான். அவன் இன்னா பண்ணுவான்? நான் ஒரு தடவ சத்தமா அவரு பேரச் சொல்லியிருக்கணும்.”

இளவழகன் அந்த வருஷம் எழுத்துத் தேர்வில் தேறவில்லை. மறுபடி எழுதப் போகிறான். ஜெயக்கொடிக்கு இப்போது நாற்பத்தேழு வயது. நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கமிட்டியில் அதே வேலை. அமாவாசை அன்று மட்டும் வேலைக்குப் போவதில்லை. ஸ்பெஷல் பஸ்ஸிலும் ஏறுவதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். தங்கராஜ் கிடைக்கவில்லை.