இன்னும் முப்பது நிமிடம்

மாலை ஆறு மணிக்குச் சுரங்க முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் எரார்தோ ஓயார்சூனின் கைபேசி 'டிங்' என்றது. சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். 'யாரித்சா இன்னும் முப்பது நிமிடம் கேட்கிறாள். கொடுக்கலாமா?' என்று அதில் எழுதியிருந்தது.

"கேட்டுட்டாளா மகாராணி?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த விளாதிமிர், வாய் நிறைய ரொட்டியோடு.

"கேட்டுட்டா. அப்பன்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பா?"

"ஒரு நாளாவது குடுக்காம இருந்து பாரேன் தீவுக்காரா, வேடிக்கையா இருக்கும்."

"போடா. உன் பசங்க உன்கிட்ட என்ன கேக்குறாங்க? எப்பப்பா திரும்ப மலைமேல போவன்னுதானே கேக்குறாங்க?"

மேசையே சிரித்தது. எரார்தோ 'கொடு' என்பதை அழுத்தினான். கீழே, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், கொக்கிம்போ ஊரில் ஒரு பிள்ளை இன்னும் அரை மணி நேரம் விளையாடும். அவனுக்கு அந்தச் சூப்பு அதற்குப் பிறகுதான் இறங்கும்.

எரார்தோ தெற்கே சிலோவே தீவில் பிறந்தவன். வடக்கே இந்தப் பாலைவனத்துச் செப்புச் சுரங்கத்தில் முந்நூறு டன் லாரி ஓட்டுகிறான். பதினான்கு நாள் மலைமேல் வேலை, பதினான்கு நாள் கீழே ஓய்வு. மனைவி நோல்பாவும் அவனும் பிரிந்து மூன்று வருடமாகிறது. ஓய்வு நாட்களில் மகளைப் போய்ப் பார்க்கலாம் என்று நீதிபதி எழுதிக் கொடுத்திருந்தார். பார்க்கலாம் என்றுதான் எழுதினார். பார்த்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிபதியும் எழுதுவதில்லை.

பிரிந்த வருடம் மகளின் பிறந்தநாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்ததுதான் அந்த கேம் பெட்டி. கடைக்காரன் கைபேசியில் ஒரு செயலியையும் போட்டுக் கொடுத்தான். "அண்ணே, இனிமே நீங்க மலைமேல இருந்தாலும் வீட்லயே இருக்குற மாதிரி" என்றான். விற்கிறவன் வாயில் வேறென்ன வரும்? ஆனால் செயலியை ஒரேயடியாகக் குறை சொல்வதும் பாவம். வெடிவைத்த புழுதிக்கு நடுவில் லாரியை நிறுத்திவிட்டு, அங்கிருந்தே மகளுக்கு ஒரு புது ஆட்டத்தை வாங்கி, அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பெட்டியில் இறக்கி வைக்கலாம். எப்போது உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள், எந்தக் கோப்பையை ஜெயித்தாள் என்று பார்க்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு போடலாம். கட்டைவிரல் ஒன்று போதும்.

அதன் வண்டவாளமும் இல்லாமல் இல்லை. முகாமின் இணையத்தில் குரல் பேச முடியாது. 'அப்பா' என்ற சொல்லில் 'ப்பா' மட்டும் வந்து சேரும். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கடவுச்சொல் என்ன என்று கேட்கும். செய்திகள் மூன்று நாள் வராமல் இருந்து நான்காம் நாள் மூட்டையாக விழும். இத்தனையையும் எரார்தோ பொறுத்துக்கொண்டான். கல்யாணத்தில் இதில் பாதியைப் பொறுத்திருந்தால்கூட நோல்பா அவனை அனுப்பியிருக்க மாட்டாள்.

முதலில் யாரித்சா ஒரு நிமிடம்கூட அதிகம் கேட்டதில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு மணி நேரம் முடிந்தால் பெட்டி தானாக அணையும், அவளும் எழுந்து போய்விடுவாள். 'என்ன செய்கிறாய்' என்று எரார்தோ எழுதினால் 'ஒண்ணுமில்ல' என்று வரும். அவனும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போவான். நேரில் போனால் அவள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், இவன் அவளைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு, தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, பேருந்து ஏறுவான். மனுஷனுக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு, ஊருக்குப் போகிறவர்களின் ஷிஃப்டையும் தானே எடுத்துச் செய்ய ஆரம்பித்தான். கேட்டால் "எல்லாம் அவளுக்காகத்தான்" என்பான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் முதல் 'டிங்' வந்தது. மறுநாளும் வந்தது. பிறகு தினமும். வெறும் கேள்வி மட்டுமில்லை, கூடவே ஒரு வரியும் இருக்கும். 'ப்ளீஸ் ப்ளீஸ்.' 'கடைசி சுற்று.' கொடுத்தவுடன் ஒரு சிவப்பு இதயம். எரார்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. 'சாப்பிட்டாயா கண்ணு?' என்று எழுதினான். 'சாப்பிட்டேன்.' 'என்ன சாப்பிட்டாய்?' 'எம்பனாதா.' நோல்பா ஜென்மத்தில் அந்தக் கறி அடைத்த பலகாரத்தைச் செய்ததில்லை. மாவு பிசைவதென்றாலே அவளுக்கு ஆகாது. சரி, கற்றுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். முன்பெல்லாம் கால்பந்து ஆட்டம், இப்போது எந்நேரமும் கார்ப் பந்தயம். சரி, வளர்கிற பிள்ளை, ரசனை மாறும். மனுஷன் தனக்குத்தானே காது குத்திக்கொள்ள ஆரம்பித்தால் அதை யாரால் தடுக்க முடியும்?

ஆறு மாதம் அப்படிப் போயிற்று. கிறிஸ்துமஸுக்குக்கூட அவன் மலை இறங்கவில்லை. நோல்பாவுக்கு எப்போதாவது போன் செய்வான். "எப்படியிருக்கா?" என்பான். "வந்து பாரு" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிடுவாள். குத்திக் காட்டுகிறாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். நான் மகளோடு தினமும் பேசுகிறேன், உனக்கென்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். முகாமில் என்னைப்போலப் பிள்ளைகள் முகம் மறந்துபோன அப்பன்கள் நூறு பேர் இருந்தோம். எங்கள் நடுவில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

மார்ச் மாதம் பள்ளி திறந்த வாரம் அந்தச் செய்தி வந்தது. முப்பது நிமிடம் கேட்டதற்கு இவன் அறுபது கொடுத்திருந்தான். பதிலுக்கு வந்தது: 'நன்றி மாமா! நீங்க ரொம்ப நல்லவர்.'

விளாதிமிர் கைபேசியை வாங்கி இரண்டு தடவை படித்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியரும் மாமா, வேன் ஓட்டுகிறவரும் மாமா, சிநேகிதியின் அப்பாவும் மாமா. அம்மாவோடு புதிதாக ஒருவர் வந்து தங்கினால் அவரும் மாமாதான். பெற்ற அப்பனைத் தவிர எல்லோரும் மாமா.

"டேய், தப்பா எடுத்துக்காத" என்றான் விளாதிமிர். "வீட்ல புதுசா ஒரு ஆளு வந்திருக்கான்டா. அவனுக்கு அனுப்ப வேண்டியத உனக்கு அனுப்பிட்டா."

"நோல்பாவா? அவளுக்கு ஆம்பளன்னாலே அலர்ஜி."

"உன்னால வந்த அலர்ஜிதானே? வேற ஆளு வந்தா சரியாயிருக்கும்."

எரார்தோ தட்டைத் தள்ளி வைத்தான். 'யார் அந்த மாமா?' என்று எழுதி அனுப்பினான். செயலி வழக்கம்போலத் தூங்கிவிட்டது. பதில் மறுநாள் காலை, அவன் லாரியில் ஏறும்போதுதான் வந்தது. 'நீங்கதான் மாமா.'

ஆக, வீட்டுக்குப் புதிதாக வந்தவன் அப்பாவாகிவிட்டான், நான் மாமாவாகிவிட்டேன். இப்படித்தான் அவன் புத்தி போயிற்று. நின்ற நிலையில் செயலியைத் திறந்தான். 'இந்தப் பயனரைத் தடை செய்' என்று ஒரு வசதி அதில் இருந்தது. அழுத்தினான். எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெட்டி இருண்டது. நல்லதைச் செய்யும்போது நாள் கணக்கில் தாமதிக்கிற அந்தச் சனியன், இதை மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடித்தது. பிறகு கெஞ்சல்கள் வந்து விழுந்தன. 'ஏன் மாமா?' 'என்ன தப்பு செஞ்சேன் மாமா?' ஒவ்வொரு 'மாமா'வுக்கும் அவனுக்கு உச்சந்தலை கொதித்தது.

ஷிஃப்ட் முடிந்த அன்றே பேருந்து ஏறி, மறுநாள் நடுப்பகலில் கொக்கிம்போவில் நோல்பாவின் கதவைத் தட்டினான்.

நோல்பா ஈரக் கையோடு வந்து திறந்தாள். "வந்துட்டியா? நல்லதாப் போச்சு. முதல்ல அந்தப் பெட்டியத் திறந்து விடு. தோங்கோய்ல இருக்குற பொம்பள ரெண்டு நாளா என் உசுர எடுக்குறா. அவ பையன் அழுது அழுது காய்ச்சல்ல படுத்திருக்கானாம்."

"எந்தப் பொம்பள? எந்தப் பையன்? அந்த ஆளு எங்க, அவனக் கூப்பிடு முதல்ல!"

"எந்த ஆளு?"

"யாரித்சா மாமான்னு கூப்பிடுறாளே, அவன்!"

நோல்பா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஐயோ கடவுளே" என்றாள் மெதுவாக. "உனக்குத் தெரியவே தெரியாதா? பெட்டிய வித்து ஆறு மாசம் ஆச்சு."

எரார்தோ வாசற்படியிலேயே நின்றான்.

"தோங்கோய் கடற்கரையில எம்பனாதா விக்குறாளே, அவ வாங்கிட்டுப் போனா. எல்லாரும் விக்குற மாதிரிதான், அக்கவுண்டோட குடுத்தோம். உள்ள ஆட்டம் இருந்தாத்தான் வாங்குவாங்க, வெறும் டப்பாவ யார் கேப்பா? ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணும்னா அக்கவுண்ட்காரர்கிட்ட கேக்கணும்னு அந்தப் பையன் நெனச்சிருக்கான். அவரு அன்பா விசாரிக்குறாரு, சாப்டியான்னு கேக்குறாருன்னு அந்தப் பொம்பள என்கிட்டயே உன்னப் பத்திப் பெருமையாச் சொன்னா. அக்கவுண்ட்காரர்னா கேம் கடைக்காரர்னு நெனச்சு, கடைக்காரங்க இப்பல்லாம் எவ்வளவு மரியாதையா இருக்காங்கன்னு."

"என்னக் கேக்காம எப்படி வித்தீங்க?"

"கேட்டா. உன் பொண்ணு போன் பண்ணிக் கேட்டா. அந்தாகோயோ மாதா திருவிழாவுக்கு ஆடப் போறேன், உடுப்புத் தைக்கணும், பெட்டிய வித்துக்கட்டுமா, நீ பாக்க வர்றியான்னு கேட்டா. காத்து இரையுற சத்தத்துல நீ 'சரி கண்ணு, சரி கண்ணு'ன்னு கத்துனியே, எனக்கே இங்க கேட்டுச்சு. டிசம்பர்ல நாள் பூரா கூட்டத்துல உன்னத் தேடிக்கிட்டே ஆடினா. கால் கொப்புளிச்சுப் போச்சு."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வந்து பாரு, வந்து பாருன்னு நாலு தடவ சொன்னேன். நீ வச்சுட்ட."

"நீதான் வச்ச."

"சரி, நான்தான் வச்சேன்" என்றாள் நோல்பா. "அதுக்கப்புறம் கிளம்பி வர உனக்குக் காலா இல்ல?"

யாரித்சா எது விளையாடுகிறாள், எப்போது தூங்குகிறாள், எதை ஜெயித்தாள் என்று ஆறு மாதம் அந்தச் செயலி அவனுக்கு ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கையில் பிடித்திருப்பது யார் என்று மட்டும் அது சொல்லவில்லை. அதற்கே தெரியாது. போய்ப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்கு யாரித்சா பள்ளியிலிருந்து வந்தாள். அம்மாவின் தோள் உயரம் இருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். தெருமுனையில் வரும்போது வேறு யாரோ என்றுதான் எரார்தோ நினைத்தான். அவள் வந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். முன்பு 'நீ' என்றுதான் சொல்வாள்.

நோல்பா நடந்ததைச் சொன்னாள். யாரித்சா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கையை நீட்டி அவனுடைய கைபேசியைக் கேட்டு வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஆறு மாதச் செய்திகளையும் மேலிருந்து படித்தாள். சிலதை வாய்விட்டே படித்தாள்.

"'சாப்டியா கண்ணு? அங்க குளிரா? காலுக்கு உறை போட்டுக்கோ.' 'நீ ஜெயிச்சதப் பாத்தேன், எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?' 'உன் ஞாபகம்தான் எப்பவும்.'" படிப்பதை நிறுத்தினாள். "இதெல்லாம் யாருக்கு எழுதினீங்க?"

"உனக்குத்தான் கண்ணு. உனக்குன்னு நெனச்சுதான் எல்லாமே…"

"எனக்கு இல்ல. நான் இருந்தப்ப நீங்க கட்டைவிரல்தான் அனுப்புவீங்க. நல்லாப் பதில் போட்டவங்களுக்கு எழுதியிருக்கீங்க."

முந்நூறு டன்னை மலையிலிருந்து இறக்குகிறவன், அந்தப் பதினொரு வயதுப் பெண்ணுக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பையன் பாவம்" என்றாள் யாரித்சா. "பூட்ட எடுத்தா மட்டும் போதாது. தினமும் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கணும். அக்கவுண்டையே உங்க பட்டியல்ல இருந்து எடுத்துட்டா, அவன் பாட்டுக்கு விளையாடுவான். எடுக்கட்டுமா?"

"எடு" என்றான். வேறென்ன சொல்வான்?

அவள் இரண்டு மூன்று இடத்தில் தொட்டாள். திரையில் ஒரு கேள்வி வந்தது. எதிரில் இருந்த எரார்தோவுக்கு எழுத்துத் தலைகீழாகத் தெரிந்தது, ஆனாலும் படித்துவிட்டான். 'யாரித்சாவைக் குடும்பத்திலிருந்து நீக்கவா? நீக்கினால் திரும்பச் சேர்க்க முடியாது.'

"கொஞ்சம் இரு" என்று கையை நீட்டினான்.

அதற்குள் அவள் 'ஆம்' என்பதை அழுத்தியிருந்தாள். கைபேசியை அவன் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.