தூண்டிலைத் தொடாத எனக்கு இரண்டு மீன்

லண்டன் டூட்டிங்கில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை, விடுமுறை நாட்களில் ஆட்களைப் படகில் ஏற்றிக் கடலுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப் போவார். போன கோடையில் என்னிடம், "தங்கச்சி, நீங்களும் வாங்கோ. தூண்டில் போடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். காசும் வேண்டாம்" என்றார். லண்டனில் யார் எதைச் சும்மா தருகிறார்கள்? எனக்கு அப்போதே உறுத்தியது. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்" என்று கணவர் இழுத்துப் போனார்.

என்னைப் போலச் சும்மா வந்தவர்கள் படகில் இன்னும் சிலர். நான் வாந்தியெடுத்தபடி மூலையில் கிடந்தேன்.

கரையில் ஓர் அதிகாரி மீன்பெட்டியைத் திறந்து, எது யார் பிடித்தது என்று கேட்டார். சீ பாஸ் மீனுக்கு ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டாம். அண்ணை சிரித்தபடி இரண்டு மீனை என் பக்கம் தள்ளி, "இது இவர் பிடித்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் தலை பாதி ஆடியேவிட்டது. எதற்காக எங்களைச் சும்மா ஏற்றினார் என்று அப்போதுதான் புரிந்தது. ஆள் கூடினால் மீனும் கூடும்!

"நான் தூண்டிலைத் தொடவே இல்லை" என்றேன். அண்ணைக்கு அபராதம் விழுந்தது. தலையாட்டி, பிறகு பொய் வெளிப்பட்டிருந்தால் அதில் எனக்கும் பங்கு வந்திருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் வேனில் அண்ணை பொரிந்து தள்ளினார். "பெரிய கப்பல்காரர் வலைபோட்டு அள்ளுறாங்கள், எங்களுக்குத்தான் சட்டம். எங்கட ஆக்களே காட்டிக் குடுத்தால்?" முதல் பாதி நியாயமாகவே இருக்கட்டும். அதற்கு என் பெயர் எதற்கு?

இப்போது யார் "சும்மா வாங்க" என்றாலும் முதலில் கேட்டுவிடுகிறேன்: "என் பேர்ல என்ன எடுக்கப் போறீங்க?"