அமாவாசைக் கடல்

பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணி கத்தினால் நாலு வீடு தள்ளித் தறி நிற்கும் என்பார்கள். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி அன்னமும் மாங்காயும் கொண்டுவர வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் அன்னத்துக்கு மூக்கு கோணிவிடும். பகல் முழுக்கக் கட்டத்துக்குள் அடைத்துவைத்த கோபம், பொழுது சாய்ந்தால் வாய்வழியாக வெளியே வரும்.

மகள் மங்கையர்க்கரசியைப் பெண் பார்க்க வந்த இடத்தில், பையனின் மாமா காபி டம்ளரை ஈரத்தோடு டிசைன் தாள்மேல் வைத்துவிட்டார். கோதண்டபாணி போட்ட கூச்சலில், வந்தவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் செருப்பைத் தேடினார்கள்.

அன்றைக்கே மனைவி ஜெயம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "தோ பாருங்க, இன்னொரு தபா வர்றவங்ககிட்ட கத்தினீங்கன்னா, நம்ம பொண்ணு இந்த ஊட்டுலயே கெழவியாயிடும். டாக்டரு இன்னா சொன்னாரு? கடல் காத்து வாங்கினா மனசு அடங்கும்னாரு இல்ல? அமாவாசைக்குத் தறி லீவுதானே, மாபலிபுரம் போய்க் குந்திட்டு வாங்க."

"சும்மா குந்திக்கினு இன்னாடி பண்றது?"

"அந்தக் கடலையே வரைங்க. கட்டம் மட்டும் போடாதீங்க."

பலகையும் வர்ணப் பெட்டியுமாகப் பஸ் ஏறினார். அமாவாசைக் கடல் எப்படி இருக்கும் என்று ஜெயம்மாளுக்கும் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை. மனசை அடக்கப் போனவர் முன்னால் கடல் ஆளுயரத்துக்கு எழும்பி ஆடியது. முதல் நாளே தூரிகை கழுவும் டப்பாவை இழுத்துக்கொண்டு போயிற்று. ஆனாலும் ஒன்று: அலை கோணினால் யாரும் தாளைத் திருப்பி அனுப்புவதில்லை. நீலத்தை இஷ்டத்துக்கு இழுத்துவிட்டார். கழுத்து நரம்பு தளர்ந்தது. இப்படிச் சில அமாவாசைகள் போனபின், உப்பில்லாத குழம்பை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். ஜெயம்மாள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

படத்தைச் சுவரில் மாட்டியதுதான் வம்பாயிற்று. பக்கத்து வீட்டு நெசவாளி கந்தன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, பாடி ஆனந்தா நீலம், பார்டர் சந்தனக் கலரு. ஷோக்கா இருக்குது! முந்தி எங்கண்ணே?"

"டேய், அது கடல்டா!"

"பேரும் நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

கோதண்டபாணிக்குக் கத்தல் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். "பரவாயில்ல, பழகிக்குங்க. வெள்ளிக்கிழம வேலைக்கு ஆவும்" என்றாள் ஜெயம்மாள்.

வெள்ளிக்கிழமை, பட்டு வியாபாரி வேலாயுதம் தம் மகன் ராஜகோபாலோடு பெண் பார்க்க வந்தார். பெண்ணுக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டது சுவர்.

"யாரு போட்ட டிசைன்?"

"கடலுங்க."

"இருக்கட்டும். இந்த நுரையில ஜரிகை போடணும். இங்க ஒரு மேகம் இருக்குது பாருங்க, இத்த எடுத்துடுங்க. புடவையில பால் கொட்டின மாதிரி இருக்குது." சொன்னதோடு விடாமல், கேசரி நெய் ஒட்டிய விரலை மேகத்தின்மேல் வைத்து அழுத்தினார்.

ராஜகோபால் தலை குனிந்துகொண்டான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. ஜெயம்மாள் பலகாரத் தட்டைச் சட்டென்று உள்ளே எடுத்துப் போனாள், தட்டாவது மிஞ்சட்டும் என்று.

கோதண்டபாணி கண்ணை மூடினார். ஒரு அலை வந்தது, போனது. இன்னொன்று வந்தது.

"எடுத்துடலாங்க" என்றார். குரல் பட்டு நூல் மாதிரி இருந்தது.

தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவை அதே கடல்தான். நுரைக்கு ஜரிகை போட்டு, மேகத்தை எடுத்துவிட்டுக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தவரும் அவரேதான்.

அடுத்த அமாவாசைக்குச் சம்பந்தியும் கூடவே பஸ் ஏறிவிட்டார். பலகைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிஜக் கடலை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம புடவைதான் சம்மந்தி ஒசத்தி. இதுல பார்டர் ஒரே சீரா இல்ல பாருங்க."

கோதண்டபாணி தூரிகையைக் கீழே வைத்தார். தாலி ஏறியாயிற்று. இனி யாரும் செருப்பைத் தேட முடியாது. எழுந்து நின்று, காபி டம்ளர் நாளிலிருந்து சேர்த்துவைத்தது அத்தனையையும் வாயில் வந்தபடி கத்தித் தீர்த்தார். அமாவாசை அலை ஒரு சொல் பாக்கி விடாமல் விழுங்கிவிட்டது.

வேலாயுதம் காதில் கையை வைத்துக்கொண்டு சாய்ந்தார். "இன்னா சொன்னீங்க சம்மந்தி? அலை சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"மேகம் வேணுமா வேணாமான்னு கேட்டேன்."

"வேணாம், வேணாம்."

கோதண்டபாணி சாவகாசமாக உட்கார்ந்து, தூரிகையை நனைத்து, தாள் கொள்ளாத அளவுக்கு ஒரு மேகம் போட்டார்.